கொழிஞ்சாம்பாறை இருவர் அணி ராப் பேட்டில்: மேடை நிறைவு, தீர்ப்பு குறைவு

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கெல்லையில், தமிழும் மலையாளமும் ஒரே கடைத்தெருவில் புழங்கும் கொழிஞ்சாம்பாறையில், ஒரு திருமண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து நடத்தப்பட்ட இருவர் அணி ராப் பேட்டிலின் (இரண்டு அணிகள் மாறிமாறி ராப் அடிகளால் ஒன்றையொன்று தாக்கிப் பாடும் போட்டியின்) இறுதி மோதலை 200 ரூபாய் நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்த்தேன். நடத்திய குழுவின் பெயரை எழுதப்போவதில்லை. மறுபடியும் நடத்தவிருப்பதாக மேடையிலேயே அறிவித்துவிட்டார்கள் என்பதால், சீட்டு வாங்க எண்ணுவோருக்கும் பதிவுக்கட்டணம் செலுத்த எண்ணும் அணிகளுக்கும் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

ஏற்பாட்டில் பெரிய குறை சொல்வதற்கில்லை. மண்டபத்தின் எதிரொலி முதல் அரைமணி நேரம் சொற்களை விழுங்கியது; பிறகு ஒலிபெருக்கிகளின் திசையை மாற்றிச் சரிசெய்தார்கள். பீட் எனப்படும் பின்னணித் தாளம் இல்லாமல் வெறும் குரலில் நடக்கும் போட்டிக்கு இது சிறிய செய்தியன்று. பாலக்காட்டு நாட்டார் கூத்தான பொறாட்டு நாடகத்தில், கேள்வி கேட்பதற்கென்றே மேடையில் நிற்கும் சோத்தியக்காரனுக்கு வேடக்காரர் என்ன பதில் தருகிறார் என்று காது கொடுத்துப் பழகிய ஊர் இது. இரண்டு மொழியிலும் சிலேடை எங்கே விழுகிறது என்பது கூட்டத்துக்கு உடனே தெரிந்தது.

இறுதியில் மோதிய அணிகளுள் ஒன்று பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்தது, தமிழில் பாடியது. மற்றொன்று பாலக்காட்டு அணி. பெரும்பாலும் மலையாளத்தில் பாடியது. ஒவ்வோர் அணிக்கும் மூன்று சுற்றுகள், சுற்றுக்கு 90 விநாடி. முதலிரண்டு சுற்றுகளில் பொள்ளாச்சி அணியின் இருவரும் ஒருவர் தொடங்கிய அடியை மற்றவர் முடிக்கும் விதமாக எழுதிக்கொண்டு வந்திருந்தது தெளிவாகத் தெரிந்தது. மூன்றாம் சுற்றில் அவர்களுள் ஒருவர் வரி மறந்து நின்றுவிட, கூட்டாளி ஓர் அடியை அங்கேயே கட்டி இடைவெளியை நிரப்பினார். அரங்கம் அன்று எழுப்பிய சத்தங்களுள் அதுவே பெரிது. இதைக் குறையாகக் கொள்வதா, இருவர் அணிக்கே உரிய சிறப்பாகக் கொள்வதா என்பதில் நடுவர்கள் வேறுபட இடமுண்டு. தனியாள் போட்டியில் இந்தக் கேள்வியே எழாது. பாலக்காட்டு அணி தடுமாறவே இல்லை. ஆனால் இரண்டாம் சுற்றில் நேரம் முடிந்த மணி அடித்த பின்னும் பாடிக்கொண்டே இருந்தது. எவ்வளவு நேரம் கடந்தது என்று யாரும் குறித்ததாகத் தெரியவில்லை.

வெற்றி பாலக்காட்டு அணிக்கு என்று அறிவித்தபோது எழுந்த கூச்சலை மொழிச் சண்டையாகப் பார்ப்பது தவறு. எதிர்த்தவர்களில் மலையாளம் பேசுவோரும் இருந்தார்கள். கேட்டவர்களுக்குத் தன்னார்வலர் ஒருவர் மதிப்பெண் தாளைக் காட்டினார். மூன்று நடுவர்கள், ஒவ்வொருவரும் 30க்கு மதிப்பெண் இட்டிருந்தார்கள். முதல் நடுவர் பொள்ளாச்சிக்கு 27, பாலக்காட்டுக்கு 26. இரண்டாமவர் 26, 25. மூன்றாமவர் 21, 26. கூட்டினால் 74க்கு எதிராக 77 என்று பாலக்காட்டு அணி வெல்கிறது. தலைகளை எண்ணினால் மூன்றில் இரண்டு நடுவர்கள் பொள்ளாச்சி அணியையே வென்றதாகக் கருதியிருக்கிறார்கள்.

இதில் மோசடி எதுவும் இருப்பதாக நான் கருதவில்லை. மூன்றாம் நடுவர் மறதியைக் கடுமையாகத் தண்டித்திருக்கலாம், அது அவருடைய உரிமை. ஆயினும் கூட்டுத்தொகை முறையில், மதிப்பெண்ணைத் தாராளமாக ஏற்றி இறக்குகிற நடுவர் ஒருவர், ஒரு புள்ளி வித்தியாசத்தில் நிதானமாகத் தீர்ப்பளிக்கும் இருவரையும் தனியாகவே தோற்கடித்துவிடுகிறார். அந்த முறையைத்தான் பின்பற்றுவோம் என்று முன்கூட்டியே அறிவித்திருந்தால் யாரும் வாய்திறக்க வழியில்லை. அறிவிக்கவில்லை. அணிகளுக்குத் தரப்பட்ட விதித்தாளில் நடுவர் முடிவே இறுதியானது என்ற ஒரு வரி மட்டும் இருந்தது.

ராப் பேட்டில் நடத்தும் வெளிநாட்டு லீகுகள் இந்தச் சிக்கலை வெவ்வேறு விதமாகக் கையாண்டிருக்கின்றன. நியூயார்க்கில் 2009இல் தொடங்கிய அல்டிமேட் ராப் லீக் பெரும்பாலான மோதல்களுக்கு நடுவரையே வைப்பதில்லை. யார் வென்றது என்பதை ரசிகர்களே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். மேடையிலேயே அடிகளைக் கட்டிப் பாடும் ஸ்பானிய மொழி ஃப்ரீஸ்டைல் போட்டியான ரெட்புல் படாயாவில், மோதல் சமமாக இருந்ததாக நடுவர்கள் கருதினால் வெற்றியாளரை அறிவிக்காமல் கூடுதல் சுற்று ஒன்று கேட்கலாம். பல லீகுகளில் நடுவர் ஒவ்வொருவராக ஒலிவாங்கிக்கு முன் வந்து, யாருக்கு வாக்களித்தோம், ஏன் என்று சொல்லிவிட்டே அமர்கிறார்கள். இங்கே மூன்று நடுவர்களும் ஒரு சொல்கூடப் பேசாமல் இறங்கிப் போனதுதான் கூச்சலை வளர்த்தது. ஒரு கூடுதல் சுற்று வைத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். மண்டபம் அதற்குள் காலியாகப் போவதாகவும் இல்லை.

பார்வையாளராக மட்டும் செல்வோருக்கு 200 ரூபாய் வீண்போகாது. மேடைக்கு எதிரே நடுவரிசையில் அமர்ந்தால் சொற்கள் தெளிவாகக் கேட்கும். போட்டியிடச் செல்லும் அணிகள் பதிவுக்கட்டணம் செலுத்துவதற்கு முன், மதிப்பெண்ணைக் கூட்டுவார்களா, நடுவர் வாக்கை எண்ணுவார்களா, நேரம் கடந்தால் எத்தனை புள்ளி குறைப்பார்கள் என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். எழுதித் தர மறுத்தால் கட்டணத்தைச் செலுத்த வேண்டாம்.