குவில்ட் பைண்டிங்கைப் பிடித்துவைக்க: கிளிப்பா, குண்டூசியா, பசையா?

குவில்ட்டின், அதாவது நடுவில் பஞ்சு வைத்துத் தைத்த அடுக்குப் போர்வையின், ஓரத்தைச் சுற்றி மூடும் துணிப்பட்டைதான் பைண்டிங். அதை முன்பக்கம் தைப்பதில் யாருக்கும் பெரிய சிரமம் இல்லை. விளிம்போடு விளிம்பு சேர்த்து, கால் இஞ்ச் விட்டு மெஷினில் ஓட்டிவிடலாம். அதைப் பின்பக்கம் புரட்டி, மடிப்பு நகராமல் தைத்து முடிக்கும் இடத்தில்தான் தடுமாற்றம். அந்த மடிப்பைத் தையல் விழும் வரை பிடித்துவைக்கக் கடைகளில் பல பொருள்கள் கிடைக்கின்றன. அவற்றில் எது எந்த வேலைக்கு என்று பார்ப்போம். எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: பின்பக்கத்தைக் கையால் எம்மிங் செய்வதென்றால் கிளிப். மெஷினில் தைப்பதென்றால் துவைத்தால் போய்விடும் பசை. குண்டூசிக்கு இப்போது சின்ன வேலைதான் மிச்சம். ஆனால் அந்த வேலையை வேறெதுவும் செய்யாது.

பொருள் வாங்கும் முன் பட்டையின் அகலத்தைச் சரிபாருங்கள். மடிப்பு பிடிக்கவில்லை என்று சொல்பவர்களில் பலருக்குக் குறை அங்கேதான் இருக்கிறது. 2½ இஞ்ச் பட்டையை நீளவாக்கில் இரண்டாக மடித்தால் 1¼ இஞ்ச். கால் இஞ்சில் தைத்தபின் புரட்டுவதற்கு 1 இஞ்ச் மிஞ்சும். அதில் முன்பக்கம் கால் இஞ்ச் போகும், குவில்ட்டின் கனம் ஏறக்குறைய அரைக்கால் இஞ்ச் எடுத்துக்கொள்ளும், பின்பக்கம் 5/8 இஞ்ச் வந்து விழும். பின்பக்கத்தில் தெரியும் தையல் கோட்டை அது 3/8 இஞ்ச் தாண்டி மூடுகிறது. முன்பக்கத்தில் பைண்டிங்கும் குவில்ட்டும் சேரும் கோட்டில், அதாவது பள்ளத்தில், தைத்தால் ஊசி அதை நிச்சயம் பிடிக்கும். அதே பட்டையை 3/8 இஞ்ச் விட்டுத் தைத்தால் கணக்கு மாறிவிடும். மிச்சம் 7/8 இஞ்ச், அதில் முன்பக்கம் 3/8, கனம் 1/8, பின்பக்கம் வெறும் 3/8. மடிப்பு சரியாகத் தையல் கோட்டின் மேலேயே நிற்கும், ஊசிக்குப் பிடிக்க எதுவும் இருக்காது. இந்த நிலையில் எவ்வளவு விலை உயர்ந்த கிளிப்பும் உதவாது. 2¼ இஞ்ச் பட்டை கையால் முடிப்பவர்களுக்குப் பொருந்தும். மெஷினில் முடிப்பவர்கள் 2½ இஞ்சுக்குக் குறைக்க வேண்டாம்.

இனி கிளிப். ஜப்பானின் குளோவர் நிறுவனத்தின் வொண்டர் கிளிப்தான் இதில் அளவுகோல். ஏறக்குறைய 2.7 செ.மீ. நீளம், ஒரு பக்கம் வளைவாகவும் மறு பக்கம் தட்டையாகவும் இருக்கும். அந்தத் தட்டைப் பக்கம்தான் இதன் முழுச் சிறப்பும். மெஷினில் தைக்கும்போது தட்டைப் பக்கம் கீழே இருந்தால் கிளிப் மெஷின் மேடையில் வழுக்கிக்கொண்டு வரும். திருப்பிப் போட்டால் ஒவ்வொரு கிளிப்பும் மேடையின் விளிம்பில் இடறும், குவில்ட் நின்று நின்று வரும், அந்த இடங்களில் தையல் நெருங்கிவிடும். ஸ்பிரிங்கின் பிடி தாராளம். இரட்டை மடிப்புப் பைண்டிங் ஓரத்தில் எத்தனை துணி இருக்கிறது என்று எண்ணிப்பாருங்கள்: பின்பக்க மடிப்பில் 2, முன்பக்கம் புரண்டதில் 2, தையலுக்குள் போனது 2, மேல்துணி 1, அடித்துணி 1. ஆக 8 அடுக்கு, நடுவில் பேட்டிங் (உள்ளே வைக்கும் பஞ்சு அடுக்கு). காட்டன் பேட்டிங் வைத்த குவில்ட்டில் இதை வொண்டர் கிளிப் வாய் கோணாமல் பிடிக்கிறது. உப்பலான பாலியெஸ்டர் பேட்டிங் என்றால் இதே கிளிப்பின் பெரிய அளவான ஜம்போவுக்குப் போவது நல்லது.

போடும் முறையில் ஒரு நுணுக்கம் உண்டு. கிளிப்பின் வாய்க்குள் குவில்ட்டின் விளிம்பு அடிவரை போய் முட்ட வேண்டும். பாதி வரை மட்டும் செருகினால் விளிம்பைத்தான் பிடிக்கும். உள்ளே இருக்கும் மடிப்பு ஓரம், அதாவது உண்மையில் தைக்க வேண்டிய இடம், அவிழ்ந்தே கிடக்கும்.

கைத்தையலுக்கு எத்தனை வேண்டும்? 10, 12 போதும். 2 இஞ்சுக்கு ஒன்றாக 2 அடிக்குப் போட்டுக்கொண்டு, தைத்துக்கொண்டே போய், பின்னால் கழற்றியதை முன்னால் மாட்டிக்கொள்ளலாம். மொத்தச் சுற்றளவுக்கும் மாட்டிவைப்பது வீண். மடியில் புரட்டப் புரட்டப் பாதி கழன்று விழும். மெஷினுக்கு ஒன்றரை முதல் 2 இஞ்ச் இடைவெளி வேண்டும். 60-க்கு 80 இஞ்ச் குவில்ட்டின் சுற்றளவு 280 இஞ்ச். 2 இஞ்சுக்கு ஒன்றாக முழுக்கப் போட்டால் 140 கிளிப் ஆகும். ஒரு பக்கமாக முடித்துக்கொண்டு போனால் நீளப் பக்கத்துக்கு 40 போதும், ஆகவே 50 உள்ள டப்பா ஒன்று வாங்கினால் காலத்துக்கும் வரும்.

ஆனாலும் மெஷின் வேலையில் கிளிப்புக்கு ஒரு தீராத குறை இருக்கிறது. பாதத்துக்கு ஓர் இஞ்ச் முன்னாலேயே அதைக் கழற்றியாக வேண்டும். ஊசி வந்து சேரும்போது அந்தக் கடைசி ஓர் இஞ்சைப் பிடித்திருப்பது உங்கள் விரல் மட்டும்தான். மடிப்பு நழுவுவது பெரும்பாலும் அந்த ஓர் இஞ்சில்தான். முன்பக்கப் பள்ளத்தில் தைக்கும்போது நழுவியது கண்ணுக்கும் தெரியாது. முடித்துத் திருப்பிப் பார்த்தால் அங்கங்கே ஒரு விரல் நுழையும் ஓட்டை இருக்கும். இதற்கு மாற்றாக, பைண்டிங்கை முதலில் பின்பக்கம் தைத்து, முன்பக்கம் புரட்டி, கண்ணுக்கு எதிரில் மடிப்பு ஓரத்தின் மேல் தைக்கலாம். அப்போது கிளிப்பே போதும். ஆனால் மேலே ஒரு தையல் கோடு தெரியும், அது பிடிக்காதவர்கள் உண்டு.

விலை மலிவான போலி கிளிப்புகள் ஆன்லைனில் நூறு நூறாகக் கிடைக்கின்றன. எல்லாமே மோசம் இல்லை. வந்தவுடன் பத்தை எடுத்துக் குவில்ட் துண்டில் மாட்டி, துண்டைத் தூக்கி உதறிப் பாருங்கள். விழுந்தவற்றை ஒதுக்குங்கள். தட்டைப் பக்கத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். அச்சு வார்த்த பிசிறு நெருடினால் அது மெல்லிய துணியில் இழையை இழுக்கும். நிறத்தில் சிவப்பை எடுங்கள். தரையில் விழுந்தது கண்ணில் பட வேண்டும். எந்த கிளிப்பானாலும் மேலே இஸ்திரி படக் கூடாது, பிளாஸ்டிக் உருகித் துணியில் ஒட்டிவிடும்.

வீட்டில் கிடக்கும் டிக்டாக் ஹேர் கிளிப்பும் நன்றாகவே வேலை செய்யும். தட்டையானது, ஆழமாகப் போய்ப் பிடிக்கும். கைத்தையலுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள். பெயின்ட் உரிந்த கிளிப்பை வெளிர்நிறத் துணியில் மாட்டாதீர்கள், இரவு முழுக்க இருந்தால் துருக்கறை பிடிக்கும். ஆபீஸ் பைண்டர் கிளிப் வேண்டாம். பிடி அதிகம், பேட்டிங்கில் பள்ளம் விழும்.

குண்டூசியை ஓரம் முழுக்கக் குத்துவதை விட்டுவிடலாம். 8 அடுக்கில் ஊசி உள்ளே போய் வெளியே வரும்போது துணி வளைந்துகொடுக்கிறது, மடிப்பு 1, 2 மி.மீ. இழுபடுகிறது. கை குத்துப்படும். கழற்ற மறந்த ஊசியின் மேல் மெஷின் ஊசி இறங்கினால் முறிந்து துண்டு தெறிக்கும். குண்டூசிக்கு மிச்சமுள்ள சின்ன வேலை சோதனை. முன்பக்கப் பள்ளத்தில் மெல்லிய ஊசியை நேராக இறக்குங்கள். பின்பக்கம் அது மடிப்பு ஓரத்துக்கு அரைக்கால் இஞ்சாவது உள்ளே வந்து எட்டிப்பார்த்தால் தையல் பிடிக்கும். ஓரத்திலோ வெளியிலோ வந்தால் அங்கே மடிப்பை இன்னும் இழுத்து வைக்க வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் ஒரு முறை இப்படிப் பார்த்துவிட்டால், தைத்தபின் பிரிக்கும் வேலை இருக்காது.

மெஷினில் முடிப்பவர்களுக்கு எங்கள் தேர்வு பசை. இது கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் சரியான பசையைச் சரியான அளவில் போட்டால் இதற்கு இணை இல்லை. காரணம் எளிது: ஊசி துணிக்குள் இறங்கும் கணத்திலும் பசை பிடித்துக்கொண்டே இருக்கிறது. எதையும் கழற்ற வேண்டியதில்லை. எல்மர்ஸ் நிறுவனத்தின் துவைத்தால் போகும் பள்ளிக்கூடப் பசையைத்தான் குவில்ட் தைப்பவர்கள் நெடுங்காலமாக இதற்குப் பயன்படுத்துகிறார்கள். துவைத்தால் போகும் என்று லேபிளில் இருப்பது கட்டாயம். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் மரவேலைப் பசையை எடுத்துவிடாதீர்கள். அது காய்ந்தால் துவைத்தாலும் போகாது, ஓரம் அட்டைபோல ஆகிவிடும். மைதாப் பசையும் வேண்டாம். துவைக்காமல் அலமாரியில் வைத்தால் வெள்ளிப்பூச்சி வந்துவிடும்.

முறை இதுதான். முன்பக்கம் தைத்த பைண்டிங்கை முதலில் வெளிப்பக்கமாக விரித்து ஒரு முறை இஸ்திரி போடுங்கள். இதைத் தவிர்த்தால் முன்பக்கத்தில் ஒரு மடிப்பு உள்ளேயே தங்கி, பின்பக்கத்துக்கு அகலம் குறைந்துவிடும். குவில்ட்டைத் திருப்பி, பின்பக்கம் தெரியும் தையல் கோட்டுக்கும் விளிம்புக்கும் நடுவில், கோட்டை ஒட்டி, பசையை நூல் கனத்துக்கு ஒரு கோடாக இழுங்கள். புட்டியின் வாய் பெரிதாக இருந்தால் இந்த அளவு வராது, மெல்லிய உலோக முனை தனியாக வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும். ஒரு நேரத்தில் 8 முதல் 10 இஞ்ச் மட்டும். பைண்டிங்கைப் புரட்டி, தையல் கோடு மறைய இழுத்து அழுத்தி, ஆவி இல்லாத சூட்டு இஸ்திரியை மேலே சில நொடி வையுங்கள். பெட்டியைத் தேய்க்கக் கூடாது, எடுத்து எடுத்து வைக்க வேண்டும். தேய்த்தால் மடிப்பு நகரும். ஆவியும் கூடாது, ஈரம் பட்டால் பசை திரும்ப இளகும். மழைக்காலத்தில் தானாக உலரட்டும் என்று விடாதீர்கள், இஸ்திரிதான் அதைக் காயவைக்கிறது. பாலியெஸ்டர் பேட்டிங் என்றால் சூட்டைக் குறையுங்கள், இல்லாவிட்டால் ஓரம் மட்டும் சப்பையாகிவிடும்.

பசையில் வரும் கோளாறுகள் எல்லாம் அளவில்தான். அதிகம் போட்டால் துணிக்கு மேலே கசியும், ஊசியில் பிசுக்குப் பிடிக்கும், தையல் விட்டுவிட்டு விழும். முழுக்கக் காயாமல் தைத்தாலும் இதே கதி. சொட்டுச் சொட்டாக வைத்தால் ஒவ்வொரு சொட்டும் கல்போலக் காய்ந்து, ஊசி அதன் மேல் வழுக்கி விலகும். கைத்தையலுக்குப் பசையை நாங்கள் பரிந்துரைக்காததும் இதனால்தான். காய்ந்த பசைக் கோட்டில் கையூசி இறங்க மறுக்கும். தவறாக ஒட்டிவிட்டால் பதற வேண்டாம். ஈரத்துணியை அந்த இடத்தில் ஒற்றினால் பிரிந்துவரும், காயவைத்து மறுபடி ஒட்டலாம். முடிந்ததும் குவில்ட்டை ஒரு முறை துவைக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. சாயம் போகும் துணியானால் வெட்டுவதற்கு முன்பே துவைத்திருக்க வேண்டும்.

கால் இஞ்ச் அகலத்தில் தண்ணீரில் கரையும் இரட்டைப்பக்க ஒட்டு நாடா இருக்கிறது, வொண்டர் டேப் என்று பெயர். கை படாமல் சுத்தமாக வேலை முடியும். 10 கஜச் சுருள் ஒன்று மேலே சொன்ன 280 இஞ்ச் குவில்ட்டுக்குப் போதும், கொஞ்சம் மிஞ்சும், அதாவது குவில்ட்டுக்கு ஒரு சுருள். அடிக்கடி தைப்பவர்களுக்குச் செலவு கூடுதல், எப்போதாவது ஒன்று தைப்பவருக்கு நல்லது. ஸ்டீம்-எ-சீம் போன்ற இஸ்திரியில் உருகி ஒட்டும் பட்டை வேறு வகை, அது நிரந்தரம். சுவரில் தொங்கவிடும் குவில்ட்டுக்கு ஆகும். குழந்தைக்கான குவில்ட்டில் ஓரம் விறைப்பாக நிற்கும், வேண்டாம்.

மூலைகளில் மட்டும் எல்லாவற்றையும் கலந்துகொள்ளுங்கள். ஒரு பக்கத்தை மூலையின் நுனி வரை மடித்துப் பிடித்து, பிறகு அடுத்த பக்கத்தை மேலே கொண்டுவாருங்கள். முன்பக்க மடிப்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் பின்பக்க மடிப்பு சாய வேண்டும். அப்போதுதான் கனம் இரண்டு பக்கமும் பிரிந்து மூலை கூராக வரும். கைத்தையலானால் மூலைக்கு அரை இஞ்ச் தள்ளி இரு பக்கமும் ஒவ்வொரு கிளிப், மூலையின் மேல் கோணவாக்கில் ஒன்று. மெஷினானால் மடிப்புக்குள் ஒரே ஒரு புள்ளி பசை, மேலே 5 நொடி இஸ்திரி. மூலையில் பாதம் ஏறும்போது ஊசியைக் கீழே நிறுத்தி, பாதத்தைத் தூக்கி, திருப்பி, தொடருங்கள்.

எதைக் கொண்டு பிடித்தாலும் மெஷின் பாதம் மேல்துணியை முன்னால் தள்ளிக்கொண்டேதான் போகும். ஓரத்தில் சாய்வாகச் சுருக்கம் விழுந்தால் பசையையோ கிளிப்பையோ குறை சொல்லாமல் வாக்கிங் ஃபுட் (மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும் பாதம்) மாட்டிப் பாருங்கள். தையல் நீளம் 3 மி.மீ., ஊசி 90/14.