டெரஸ் வீட்டு கார் போர்ச்: குறைந்த செலவில் எந்தக் கூரை, எந்தத் தரை?

கோலாலம்பூர் டெரஸ் வீட்டில், அதாவது வரிசையாக ஒட்டிக் கட்டிய வீட்டில், கார் போர்ச்சுக்கு வேலை அதிகம். கார் நிற்கும், துணி காயும், தீபாவளிக்கு வருகிறவர்களுக்கு மேசை போடுவதும் அங்கேதான். அதைச் சீரமைக்கக் கையில் பணம் கொஞ்சமாக இருக்கிறது, கூரை, தரை இரண்டில் ஒன்றுக்குத்தான் தாராளமாகச் செலவழிக்க முடியும் என்றால், கூரைக்குக் கொடுங்கள். தரை சிமெண்டாகவே இருக்கட்டும்.

கான்ட்ராக்டர்கள் சதுர அடிக் கணக்கில்தான் விலை சொல்வார்கள். 20 அடி அகலம், 18 அடி நீளம் என்றால் 360 சதுர அடி. சதுர அடிக்கு ஐந்து வெள்ளி (ரிங்கிட்) கூடினால் மொத்தத்தில் 1,800 வெள்ளி ஏறிவிடும். அதனால் பொருளைத் தேர்ந்தெடுக்கும்போதே கணக்கைப் போட்டுவிடுவது நல்லது.

கூரைக்கு இங்கே மூன்று பொருள்கள் போட்டி போடுகின்றன: பாலிகார்பனேட், ஏசிபி எனப்படும் அலுமினியத் தகடு, மெட்டல் டெக் எனப்படும் மடிப்பு மடிப்பான உலோகத் தகடு.

பாலிகார்பனேட்டின் பலம் வெளிச்சம். வரிசையின் நடுவில் இருக்கும் டெரஸ் வீட்டுக்குப் பக்கச் சன்னலே கிடையாது. வெளிச்சம் முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும்தான் வரவேண்டும். முன்பக்கத்தை முழுசாக மூடிவிட்டால் வரவேற்பறையில் பட்டப்பகலில் விளக்குப் போட வேண்டியதுதான். ஆனால் வெளிச்சத்தோடு வெயிலும் இறங்கும். மதியம் இரண்டு மணிக்குத் தெளிவான தகட்டின் கீழே நிற்க முடியாது. நிறம் போட்ட தகடு கொஞ்சம் தாங்கும்.

அதைவிட முக்கியம், பொருத்துகிற விதம். பாலிகார்பனேட் சூட்டில் நீளும். 4 மீட்டர் தகடு 30 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் கூடும். ஸ்குரூ ஓட்டை இறுக்கமாக இருந்தால் முதலில் சத்தம் வரும், அப்புறம் ஓட்டையைச் சுற்றிக் கீறல் விழும், கடைசியில் ஒழுகும். புற ஊதாப் பூச்சு உள்ள பக்கம் மேலே பார்த்து இருக்கிறதா என்றும் பாருங்கள். திருப்பிப் போட்டால் சீக்கிரமே மஞ்சளாகும். உள்ளே குழாய் குழாயாக இருக்கும் இரட்டைச் சுவர்த் தகடு என்றால் முனைகளை டேப் ஒட்டி அடைக்க வேண்டும். இல்லையென்றால் எறும்பும் பாசியும் உள்ளே குடியேறிவிடும்.

ஏசிபி பார்க்க அழகு, அதில் சந்தேகமில்லை. அடிப்பாகம் வழவழப்பாக இருப்பதால் தனியாக சீலிங் தேவையில்லை. இரண்டு மெல்லிய அலுமினியத் தோல், நடுவே பிளாஸ்டிக் என்பதுதான் அதன் அமைப்பு. தொல்லை இணைப்புகளில். சிலிகான் வெயிலில் காய்ந்து வெடித்தால் தண்ணீர் உள்ளே இறங்கும். சரிவு குறைவாகப் போட்ட கூரையில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். வெளிச்சமும் துளிகூட வராது.

மெட்டல் டெக் பெரும்பாலும் மூன்றிலும் விலை குறைவு. வெறுந்தகடாகப் போட்டால் இரண்டு கஷ்டம்: வெயிலில் அனல், மழையில் பேச முடியாத இரைச்சல். அடியில் பியூ ஃபோம் (பாலியூரித்தேன் நுரை) ஒட்டிய தகடாக வாங்கினால் இரண்டும் நன்றாகவே குறையும். விலை கொஞ்சம் ஏறும், ஆனால் ஏறுகிற காசுக்குப் பலன் கையோடு தெரியும். நான் சொல்வது இதுதான்: ஃபோம் வைத்த மெட்டல் டெக் போடுங்கள், வீட்டுச் சுவரை ஒட்டி மட்டும் ஒரு வரிசை பாலிகார்பனேட் வையுங்கள். வரவேற்பறைச் சன்னலுக்கு வெளிச்சம் கிடைக்கும், காருக்கு நிழலும் கிடைக்கும்.

இனி தரை. எந்தப் பூச்சு என்று யோசிக்கும் முன் வீட்டுச் சுவரும் போர்ச் தரையும் சேரும் கோட்டைக் குனிந்து பாருங்கள். அங்கே விரல் நுழையும் அளவு பிளவு இருந்தால், தரை இறங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வீடு பெரும்பாலும் பைலிங் மேல், அதாவது ஆழமாக இறக்கிய தூண்கள் மேல் நிற்கிறது. போர்ச் தரையோ கொட்டி நிரப்பிய மண்மேல் கிடக்கிறது. மண் அமுங்கினால் தரையும் அமுங்கும். அதன் மேல் ஓடு பதித்தாலும் எப்போக்ஸி என்ற பிசின் பூச்சைப் பூசினாலும் காசு தண்டம். உடைத்து, மண்ணை நன்றாக இடித்து இறுக்கி, பிஆர்சி கம்பி வலை வைத்து 4 அங்குலம் கான்கிரீட் போடுவதுதான் வழி. லோங்காங் (வடிகால்) பக்கம் சரிவு இருக்க வேண்டும்: 100 அங்குலத்துக்கு 1 அங்குலமாவது.

எப்போக்ஸியைப் பலரும் வெளிநாட்டு வீடியோவில் பார்த்து ஆசைப்படுகிறார்கள். அங்கே கராஜுக்கு நாலு பக்கமும் சுவர், கதவு. நம் போர்ச் திறந்தவெளி. எப்போக்ஸி வெயில் பட்டால் மஞ்சளித்து மாவாக உதிரும், ஈரத்தில் வழுக்கும், அடியிலிருந்து ஈரம் ஏறினால் கொப்பளிக்கும். ஒரு பிளாஸ்டிக் தாளை ஒன்றரை அடிச் சதுரமாக வெட்டி, நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தாளுக்கு அடியில் நீர் கோத்திருந்தாலோ கான்கிரீட் கறுத்திருந்தாலோ எப்போக்ஸியை மறந்துவிடலாம்.

ஓடு நல்ல தேர்வுதான், பதிப்பவர் வேலை சுத்தமாக இருந்தால். கலவை ஓட்டின் அடி முழுதும் பரவாவிட்டால் கார் சக்கரம் ஏறும் இடத்தில் உடையும்; நாணயத்தால் தட்டினால் வெற்றுச் சத்தம் காட்டிக்கொடுக்கும். வழுக்காமைக்கு ஆர்10, ஆர்11 என்று கேட்டு வாங்குங்கள். ஆர்11 சொரசொரப்பு கூட, அழுக்கைப் பிடித்துக்கொள்ளும், தேய்த்துக் கழுவ வேண்டும். பெரியவர்கள் இருக்கும் வீட்டில் அந்த உழைப்புக்குத் தயங்காதீர்கள். பழைய ஓட்டின் மேலேயே புதியதைப் பதித்தால் உடைக்கும் செலவு மிச்சம். ஆனால் தரை உயர்ந்து ஆட்டோகேட் (தானியங்கி வாசல் கதவு) அடியில் உரசும், வாசற்படி உயரம் குறைந்து மழைநீர் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும்.

துடைப்பம் இழுத்துச் சொரசொரப்பாக்கிய சிமெண்ட் தரை மலிவு, வழுக்காது, பழுது பார்க்கவும் எளிது. எண்ணெய்க் கறை பிடிக்கும் என்பது உண்மை. கறை இறங்காமல் தடுக்கும் சீலர் பூச்சு ஒரு கை அடித்தால் ஓரளவு தடுக்கலாம்.

கூரை வேலை தொடங்கும் முன் மாநகர் மன்றத்தில் பெர்மிட் பற்றிக் கேட்டுவிடுங்கள். கூரைத் தண்ணீர் பக்கத்து வீட்டில் விழாதபடி பீலியும் குழாயும் விலையில் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் இங்கே மழை கூடுதல், கான்கிரீட் போட அந்த மாதங்கள் வேண்டாம். கடைசித் தவணைப் பணத்தை மட்டும், ஒரு பெருமழை அடித்து, எங்கும் ஒழுகவில்லை, எங்கும் தண்ணீர் தேங்கவில்லை என்று பார்த்த பிறகு கொடுங்கள்.