முதுமை உடை: மக்கள் சேவைப் பயிற்சிக்கு வாங்கலாமா?

ஓய்வூதியப் பிரிவு, மருத்துவமனைப் பதிவு, நல உதவி அலுவலகம் போன்ற இடங்களில்தான் முதியவர்கள் அதிகம் வந்து நிற்கிறார்கள். அங்கே கவுண்டரில் உட்காருபவர்களுக்கான பயிற்சியில் 'முதுமை உடை' இப்போது அடிக்கடி இடம்பிடிக்கிறது. இளவயதுக்காரர் இதை மாட்டிக்கொண்டால் அரை மணி நேரத்துக்கு அவர் உடம்பு எழுபதைத் தாண்டிய உடம்பாகிவிடும் என்பது விற்பவர்களின் பேச்சு. அதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்று தெரிந்து வாங்கினால் இது நல்ல கருவி. தெரியாமல் வாங்கினால், வந்தவர்கள் முதியவர்களைப் பார்த்துப் பரிதாபப்படக் கற்றுக்கொண்டு போவார்கள். கவுண்டரில் ஒன்றும் மாறாது.

உடை என்று சொன்னாலும் இது ஒரே துணி அல்ல, தனித்தனி உருப்படிகள். அதிகம் புழங்கும் ஜெர்மானிய 'கெர்ட்' உடையை எடுத்துக்கொண்டால், 10 கிலோ எடையுள்ள மேலங்கி, மணிக்கட்டுக்கு 1.5 கிலோ வீதம் இரண்டு பட்டைகள், கணுக்காலுக்கு 2.3 கிலோ வீதம் இரண்டு, முழங்கையையும் முழங்காலையும் முழுதாக மடக்கவிடாத உறைகள், கழுத்துப் பட்டை, கையுறை, காதுமூடி, பார்வையைக் கெடுக்கும் கண்ணாடி எல்லாம் இருக்கும். மற்ற உடைகளிலும் ஏறத்தாழ இவைதான். எடையும் இறுக்கமும் மாறும். ஒருவருடைய தசையைக் குறைக்க வழியில்லை, அதனால் சுமையைக் கூட்டுகிறார்கள். முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை தசை குறையும் என்பது மருத்துவத்தில் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அந்த இழப்பைத்தான் இந்த எடை தோராயமாக உணர்த்துகிறது.

இந்தக் கருவி எப்படி வந்தது என்று தெரிந்தால் எதற்குப் பயன்படும் என்பதும் தெளிவாகும். அமெரிக்கத் தொழில்துறை வடிவமைப்பாளர் பாட்ரிசியா மூர் 1979-ல், இருபத்தாறு வயதில், முதியவர் போல ஒப்பனை செய்து, காதை அடைத்து, பார்வையை மங்கலாக்கி, மூட்டுகளைக் கட்டிக்கொண்டு வெளியே நடமாடத் தொடங்கினார். 1982 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் பல நகரங்களில் இதைத் தொடர்ந்தார். பிறகு 1990-களில் ஃபோர்டு நிறுவனம் தன் கார் பொறியாளர்களுக்காக ஓர் உடை செய்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் முதுமையை ஆராயும் ஏஜ்லேப் 'ஆக்னஸ்' என்ற உடையை உருவாக்கியது. இவர்கள் அனைவரும் தேடியது பொருளில் உள்ள குறையை: கதவுக் கைப்பிடி ஏன் திறக்கவில்லை, இருக்கையிலிருந்து ஏன் எழ முடியவில்லை. சேவைப் பயிற்சியில் இந்த உடை தோற்பதெல்லாம், இந்த நோக்கத்தை விட்டுவிட்டுப் பங்கேற்பாளர்களைக் கண்கலங்க வைப்பதை இலக்காக்கும்போதுதான்.

மொத்தத் தொகுப்பிலும் அதிகப் பயன் தருவது கண்ணாடி. வயதாக ஆகக் கண்ணின் வில்லை மஞ்சளாகிறது, கண்பாவை சுருங்குகிறது. இருபது வயதில் விழித்திரையை எட்டும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதில் எட்டுகிறது. மஞ்சள் சாயலும் மறைத்த ஓரங்களும் கொண்ட இந்தக் கண்ணாடியை மாட்டிவிட்டு, அலுவலகத்தில் தினமும் நீட்டும் அதே விண்ணப்பத்தைக் கையில் கொடுங்கள். வெளிர் நீலத்தில் அச்சிட்ட கட்டங்கள் காகிதத்தோடு கலந்துவிடும். சாம்பல் நிறத்தில் இருக்கும் 'இங்கே நிரப்பவும்' கண்ணில் படாது. ஒன்பது 'பாயின்ட்' எழுத்தளவில் அச்சான அடிக்குறிப்பில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்கிறதா என்று சொல்ல முடியாது. 'ன'வும் 'ண'வும் ஒன்றாகத் தெரியும். எந்தச் சான்றை இணைக்க வேண்டும் என்பது பெரும்பாலும் அந்த அடிக்குறிப்பில்தான் இருக்கிறது. அதைப் படிக்க முடியாமல் வீடு திரும்பி மறுபடி வரிசையில் நிற்பவரைத்தான் 'சொன்னால் கேட்பதில்லை' என்கிறோம். படிவத்தை வடிவமைத்தவரையே கண்ணாடி போட்டு நிரப்பச் சொல்லுங்கள். எழுத்து 14 பாயின்ட்டுக்கு ஏற வேண்டும், கறுப்பு மையில் அச்சாக வேண்டும் என்பதற்கு அதன்பின் வாதமே தேவைப்படாது.

காதுமூடி அவ்வளவு நேர்மையான கருவி அல்ல. அது எல்லா ஒலியையும் அமுக்குகிறது. வயதால் வரும் செவித்திறன் இழப்பில் உயர் அலைவரிசை ஒலிகள் முதலில் போகும். உயிரொலிகள் கேட்கும், ச, த, ப, க போன்றவை தேய்ந்துவிடும். எதிரில் இருப்பவர் பேசுவது கேட்கும், சொல் பிடிபடாது. அப்போது நாம் கத்தினால் ஏற்கெனவே கேட்கும் உயிரொலிதான் இன்னும் பெரிதாகும். சொல் தெளியாது, கூடவே எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கும் கூச்சமும் அவருக்குச் சேரும். இதைப் பயிற்றுநர் வாய்விட்டு விளக்கியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் 'சத்தமாகப் பேச வேண்டும்' என்ற தவறான பாடத்தோடு போவார்கள். கணினித் திரையிலிருந்து முகத்தைத் திருப்பி, வாய் தெரியும்படி, குரலின் சுருதியைச் சற்றுத் தாழ்த்தி, வாக்கியத்துக்கு வாக்கியம் இடைவெளி விட்டுப் பேசுவதுதான் முறை. புரியவில்லை என்றால் அதே வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லாமல் வேறு சொற்களில் சொல்ல வேண்டும். டோக்கன் எண்ணை ஒலிபெருக்கியில் மட்டும் அழைக்காமல் திரையிலும் காட்ட வேண்டும்.

கையுறைக்கு நல்ல சோதனை கையெழுத்து. ஒரு சென்டிமீட்டர் உயரக் கட்டத்துக்குள் மூன்று முறை கையெழுத்துப் போடச் சொல்லி, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றோடொன்று பொருந்தாது. 'கையெழுத்து ஒத்துப்போகவில்லை' என்று விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பும் அதே மேசைக்காரர் அதைப் பார்த்தாலே போதும், மாற்று வழி என்ன என்ற பேச்சு தானாகத் தொடங்கும். ஒருமுறைக் கடவுச்சொல்லை நேரக் கெடுவுக்குள் தட்டச் சொல்வதும் இதே வகைச் சோதனை. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி இணையப் பக்கங்களை அமைக்கச் சொல்லும் அணுகல்தன்மை விதிகளின்படி, பொதுவாக, நேரம் முடியுமுன் எச்சரித்து அதை நீட்டிக்கொள்ளக் குறைந்தது 20 விநாடி தர வேண்டும். பல சேவைப் பக்கங்கள் எச்சரிப்பதே இல்லை. ஆனால் கைரேகைக் கருவி முன்னால் ஒரு முதியவர் படும் பாட்டை இந்த உடை காட்டாது. அங்கே சிக்கல் தேய்ந்து உலர்ந்த தோல். கையுறையால் அதை உண்டாக்க முடியாது.

முழங்கால் உறையின் வேலையை ஒரு நாற்காலி காட்டிவிடும். கைப்பிடி இல்லாத தாழ்ந்த சோபாவிலிருந்து எழச் சொல்லுங்கள், பிறகு 45 சென்டிமீட்டருக்குக் குறையாத, கைப்பிடியுள்ள நாற்காலியிலிருந்து. அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

மாட்டும் வரிசை முக்கியம். கீழிருந்து மேலாகப் போக வேண்டும்: கணுக்கால் எடை, முழங்கால் உறை, மேலங்கி, முழங்கை உறை, மணிக்கட்டு எடை, கழுத்துப் பட்டை, கையுறை, காதுமூடி, கடைசியில் கண்ணாடி. கழற்றும்போது கண்ணாடிதான் முதலில். பார்வையை முதலிலேயே மறைத்துவிட்டு எடையைக் கட்டினால் தடுமாறி விழுவார்கள். ஒருவர் மாட்ட, ஒருவர் கூடவே நிற்க வேண்டும். கூட நிற்பவர் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், படியில் எப்போதும் ஒரு படி கீழே. முதுகு, முழங்கால், இதயக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், தலைச்சுற்றல் உள்ளவர்கள் உடை போடக் கூடாது. அவர்களுக்குக் கண்ணாடியும் கையுறையும் மட்டும் கொடுத்து உட்கார்ந்த நிலையில் சோதனைகளைச் செய்யலாம். கை நடுக்கத்துக்கென மின்தூண்டல் கையுறை தனியாகக் கிடைக்கிறது. இதயமுடுக்கி வைத்தவர்களும் வலிப்பு உள்ளவர்களும் அதைத் தொடவே கூடாது. ஒருவருக்கு முப்பது நிமிடம் போதும். அதற்கு மேல் போனால் கவனம் அலுவலகத்தை விட்டு உடம்பு வலிக்குப் போய்விடும்.

உடல் எடையைப் பார்க்காமல் எல்லோருக்கும் அதே 10 கிலோவைக் கட்டுவது பரவலான தவறு. ஐம்பது கிலோ எடையுள்ளவருக்கு அது முதுமை அல்ல, மூட்டை. எடையைக் கழற்றிக் குறைக்க முடியாத மேலங்கியை வாங்காதீர்கள். முழங்கால் உறை நடக்க நடக்கக் கீழே நழுவும், அதனால் ஒவ்வொரு சுற்றுக்கு முன்னும் இழுத்துக் கட்ட வேண்டும். ஒட்டுப்பட்டையில் நூலும் பஞ்சும் அடைத்துப் பிடி தளரும். மாதம் ஒருமுறை பழைய பல்துலக்கியால் சுத்தம் செய்தால் போதும். பயிற்சிக் கண்ணாடியைச் சொந்த மூக்குக்கண்ணாடிக்கு மேல் போடும்போது ஆவி படியும், அதனால் காற்றுத்துளை உள்ளதாகப் பார்த்து எடுங்கள். கையுறைக்கு உள்ளே ஆளுக்கொரு மெல்லிய பருத்தி உறை வேண்டும், இல்லையென்றால் நான்காவது ஆளுக்குப் போடவே மனம் வராது.

இவையெல்லாம் சரியாக இருந்தாலும் உடைக்கு ஓர் எல்லை உண்டு, அதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஏரியல் சில்வர்மேனும் உடன் ஆய்வாளர்களும் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், கண்ணைக் கட்டிப் பார்வையின்மையை 'அனுபவித்தவர்கள்', பார்வையற்றவர்களால் வேலை செய்யவும் தனியாக வாழவும் முடியும் என்பதை முன்னைவிடக் குறைவாக மதிப்பிட்டார்கள். மிஷெல் நாரியோ-ரெட்மண்ட் குழுவின் 2017 ஆய்விலும் மாற்றுத்திறன் பாவனைப் பயிற்சி பங்கேற்பாளர்களிடம் உதவியற்ற உணர்வையும் சங்கடத்தையும் கூட்டியது. காரணம் எளிது. திடீரென்று கண்ணைக் கட்டிக்கொண்டவர் முதல் பத்து நிமிடத் தடுமாற்றத்தைத்தான் அறிகிறார். ஆண்டுக்கணக்கில் அந்த உடம்போடு வாழ்பவர் அதற்கான வழிகளைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். வலியும், மறதியும், தன்னை விட்டுவிட்டு உடன் வந்த மகனிடம் அதிகாரி பேசும்போது வரும் அவமானமும் எந்தப் பையிலும் வராது.

ஆகவே உடையோடு முதியவர் ஒருவரும், மாற்றுத்திறனாளி ஒருவரும் பயிற்றுநர்களாக வர வேண்டும், அதுவும் உரிய ஊதியத்தோடு. உடை போட்டவர் திணறிய அதே வேலையை அவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று அடுத்து காட்ட வேண்டும். பேனாவில் துணி சுற்றிப் பிடிப்பது, கைபேசியில் படம் எடுத்து எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பது, முன்கூட்டியே கேள்விகளைச் சீட்டில் எழுதி வருவது. அவர்கள் செய்து காட்டும் இந்தப் பகுதி இல்லாத பயிற்சிக்கு இந்த உடையைப் பரிந்துரைக்க மாட்டோம். கண்ணைக் கட்டும் பயிற்சியையோ, சக்கர நாற்காலியில் ஒரு சுற்று உட்காரவைப்பதையோ எதற்கும் பரிந்துரைக்க மாட்டோம்.

கவுண்டரில் உள்ளவரின் மனநலத்துக்கும் இதில் இடம் உண்டு. ஓல்கா கிளிமெக்கியும் டானியா சிங்கரும் உடன் ஆய்வாளர்களும் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், பிறர் துன்பத்தை அப்படியே தானும் உணரப் பழகியவர்களிடம் மனவேதனை கூடியது. பிறகு அவர்களே பரிவைப் பழகியபோது வேதனை தணிந்து நல்லுணர்வு மேலோங்கியது. வரிசையில் வரும் ஒவ்வொருவரின் வலியையும் தன் வலியாகச் சுமக்கச் சொன்னால் நல்ல ஊழியர்தான் முதலில் உடைவார், உடைந்தபின் அவர் முகம் இறுகிவிடும். 'இவருக்கு இப்போது நான் செய்யக்கூடிய ஒன்று என்ன?' என்று கேட்கப் பழக்கினால் அவரும் தாங்குவார், எதிரில் இருப்பவருக்கும் வேலை முடியும். அதனால் உடையைக் கழற்றியவுடன் 'எப்படி உணர்ந்தீர்கள்?' என்று வட்டமாக உட்கார்ந்து பேச வைப்பதை விடுங்கள். கையில் ஒரு தாளைக் கொடுத்து மூன்று நெடுவரிசை போடச் சொல்லுங்கள்: எங்கே தடைபட்டது, அதைச் சரிசெய்யும் அதிகாரம் யாருக்கு, எந்தத் தேதிக்குள். படிவத்தின் எழுத்தளவு அச்சுப் பிரிவுக்குப் போகும், நாற்காலி கட்டடப் பிரிவுக்கு, நேரக் கெடு மென்பொருள் குழுவுக்கு. கவுண்டரிலேயே முடிகிறவை அன்றைக்கே முடிய வேண்டும்: பூதக்கண்ணாடி ஒன்றைக் கட்டிவைப்பது, கறுப்புத் தடித்த பேனா, இணைக்க வேண்டிய சான்றுகளைப் பெரிய எழுத்தில் அச்சடித்த சீட்டு. பயிற்சிக்கு மேலதிகாரி வராமல் கடைநிலை ஊழியரை மட்டும் அனுப்பினால் இந்தத் தாள் எங்கும் போகாது. அந்த நாளே வீண்.

வாங்கலாமா என்றால், புதிய ஊழியர் குழு அடிக்கடி வரும் பயிற்சி நிறுவனம் ஒரு முழுத் தொகுப்பும் கூடுதலாக நான்கைந்து கண்ணாடி, கையுறைகளும் வாங்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை பயிற்சி நடத்தும் அலுவலகம் முழு உடை வாங்க வேண்டியதில்லை. பயிற்சிக் கல்லூரியிடமிருந்தோ செவிலியர் கல்லூரியிடமிருந்தோ இரவல் கேட்டுப் பாருங்கள். அதுவும் கிடைக்காவிட்டால், உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து மஞ்சள் தாள் ஒட்டிய பாதுகாப்புக் கண்ணாடி, இரட்டைக் கையுறை, தொழிற்சாலைக் காதடைப்பான் ஆகிய மூன்றும் போதும். படிவம், கையெழுத்து, அறிவிப்பு ஆகிய சோதனைகளை இவற்றை வைத்தே முழுதாக நடத்தலாம்.