கழுத்து வலி: நீவி விடுவதா, முதுகுக்கு வலு ஏற்றுவதா?

செட்டிநாட்டு ஆத்தங்குடியில் தரைக்கல் வார்ப்பவர் கண்ணாடிமேல் அச்சை வைத்து, கரண்டியால் வண்ணக் கலவையை ஊற்றி முடிக்கும்வரை குனிந்த தலை நிமிராது. பனையோலைக் கொட்டான் பின்னுபவருக்கும் கண்டாங்கிச் சேலை நெய்பவருக்கும் இதே பாடுதான். நாலைந்து கிலோ எடையுள்ள தலையைப் பிடரியும் மேல்முதுகும் சேர்ந்துதான் தாங்குகின்றன. நடுமுதுகு சோர்ந்தால் பிடரிக்குச் சுமை கூடும்.

நல்லெண்ணெய் தடவி நீவினாலோ வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாலோ அன்றைக்கு இதம். மறுநாள் வேலைக்கு உட்கார்ந்ததும் பிடிப்பு திரும்பிவிடும். தசைக்குப் பலம் கூடவில்லையே. கழுத்தைப் பக்கவாட்டில் சாய்த்து 20 விநாடி நிறுத்தும் நீட்டல் பயிற்சி இதைவிட மேல். சொடக்கெடுக்கக் கழுத்தைத் திருகுவது வேண்டவே வேண்டாம். கழுத்தை அசையாமல் தாங்கும் காலரை வாரக்கணக்கில் மாட்டினால் தசை இன்னும் இளைக்கும்.

இவை எல்லாவற்றையும்விட நாங்கள் முதலில் சொல்வது பலப் பயிற்சியைத்தான். 2003இல் வெளிவந்த பின்லாந்து ஆய்வில், நாள்பட்ட கழுத்து வலி இருந்த 180 பெண் அலுவலக ஊழியர்களை ஓராண்டு கவனித்தார்கள். நீட்டல் போன்ற பொதுப் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட, கழுத்துக்கும் தோளுக்கும் பலப் பயிற்சி செய்தவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்தது.

வளவுத் (வீட்டு உள்முற்றத்துத்) தூணில் ரப்பர் பட்டையைத் தொப்புள் உயரத்தில் சுற்றி, இரு முனைகளையும் பிடித்து, முழங்கை விலாவை உரசப் பின்னால் இழுக்க வேண்டும். தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே பென்சிலை இடுக்குவதுபோல 2 விநாடி நிறுத்தி, மெல்ல விட வேண்டும். 12 தடவை, 3 சுற்று, வாரம் 3 நாள். பட்டை இழுக்க முடியாத அளவு தடிமனாக இருந்தால் தோள் காதுப்பக்கம் ஏறும், தாடை முன்னால் நீளும். அப்போது உழைப்பது நடுமுதுகல்ல, ஏற்கெனவே வலிக்கிற பிடரி! 'பயிற்சி செய்தேன், வலி கூடிப்போச்சு' என்பவர்களில் பலர் சறுக்குவது இங்கேதான். மெல்லிய பட்டைக்கு மாறுங்கள்.

செட்டிநாட்டு வீட்டின் வழுவழுப்பான சுண்ணாம்புச் சுவர் இன்னொரு பயிற்சிக்கு வாகானது. முன்கைகளைச் சுவரில் பதித்து, லேசாக அழுத்தியபடி மேலே சறுக்கி இறக்குங்கள். 10 தடவை போதும்.

பலன் தெரிய 6 முதல் 10 வாரம் ஆகும். அதுவரை ஒத்தடத்தையும் விட வேண்டியதில்லை. ஆனால் கையில் மரமரப்பு இறங்கினாலோ, பிடித்த பொருள் நழுவினாலோ, நடை தள்ளாடினாலோ, விழுந்து அடிபட்ட பின் வந்த வலி என்றாலோ, பட்டையைத் தொடாமல் முதலில் டாக்டரைப் பாருங்கள்.