பூனைக்கு ரத்தம் கட்டாம இருக்க க்ளோபிடோக்ரெல், ஒரு வருஷத்துக்கு மேல குடுத்த அனுபவம்

எங்க சுப்புக்கு க்ளோபிடோக்ரெல் ஆரம்பிச்சு ஒரு வருஷம் தாண்டிடுச்சு. வேலை செய்யுதான்னு நிறைய பேர் கேக்குறீங்க, உள்ள போனா செய்யுது, உள்ள போக வைக்கிறதுதான் பெரும்பாடு.

அவனுக்கு ஹெச்சிஎம், இதயத் தசை தடிச்சுப் போற வியாதி. இதயத்தோட இடது மேல் அறை பெருசாயிடும், அதுல ரத்தம் தேங்கி கட்டியாகும், அந்தக் கட்டி கிளம்பிப் போய் பெரிய ரத்தக்குழாய் ரெண்டா பிரியுற இடத்துல அடைச்சுதுன்னா பின்னங்கால் ரெண்டும் ஒரே நேரத்துல விழுந்துடும். எங்க காசிமேடு தெருவுலயே ஒரு பூனை அப்படிப் போச்சு, அது கத்துன கத்து இன்னும் காதுல இருக்கு. அதனால வேப்பேரில எக்கோ, அதாவது இதயத்தோட ஸ்கேன், பாத்துட்டு டாக்டர் "இப்பவே ஆரம்பிச்சுடலாம்மா"ன்னதும் நான் யோசிக்கவே இல்ல.

மனுஷங்களுக்கு வர்ற 75 மி.கி மாத்திரைல கால் பாகம், அதாவது 18.75, தினம் ஒரு வேளை. வாங்கும்போது ஸ்ட்ரிப்ப திருப்பிப் படிங்க, ஆஸ்பிரின் சேர்ந்தும் இதே மாதிரி பேர்ல வருது, பூனை உடம்புல ஆஸ்பிரின் லேசுல வெளிய போகாது. 2015ல வந்த அமெரிக்க ஆய்வு ஒண்ணு இருக்கு, ஏற்கனவே கட்டி வந்து பொழைச்ச 75 பூனைங்கள வெச்சு பண்ணது, மறுபடி கட்டி வர்றதுக்கு ஆஸ்பிரின்ல 192 நாள், க்ளோபிடோக்ரெல்ல 443 நாள்னு நடு மதிப்பு வந்துது. எனக்கு நம்பிக்கை குடுத்தது இந்தக் கணக்குதான்.

ஆனா கசப்பு இருக்கே! மாத்திரைய வெட்டுனதும் மேல் பூச்சு போயிடும், நாக்குல பட்டா வாயெல்லாம் நுரை, அப்புறம் என்னைப் பாத்தாலே கட்டிலுக்கு அடியில ஓடுவான், நெத்திலிக்குள்ள வெச்சாலும் மோந்து பாத்துட்டு போயிடுவான். காலி ஜெலட்டின் கேப்சூல், 4ஆம் நம்பர், ஆன்லைன்ல வாங்கி துண்ட உள்ள போட்டு மேல துளி நெய் தடவி தொண்டைக்குப் பின்னாடி வெச்சோம், அன்னிக்கோட சண்டை முடிஞ்சுது. உடனே சிரிஞ்ச்ல கொஞ்சம் தண்ணி கண்டிப்பா குடுங்க, இல்லன்னா உணவுக்குழாய்லயே ஒட்டி புண்ணாக்கும்.

பக்கவிளைவுன்னு பெருசா எதுவும் பாக்கல, நகம் வெட்டும்போது லேசா பட்டாலும் ரத்தம் நிக்க நேரமாகுது, அவ்ளோதான். ஊசி, ஆபரேஷன்னு எதுக்குப் போனாலும் இந்த மாத்திரை ஓடுதுன்னு முதல்ல சொல்லிடுங்க.

போன எக்கோல அறை இன்னும் கொஞ்சம் பெருசா தெரிஞ்சதால ரிவரோக்சபன் 2.5 மி.கியும் சேர்த்திருக்காங்க, இது ரத்தம் உறையுறத வேற வழியில தடுக்குது, ரத்தம் உறையாம இருக்கக் குடுக்குற வார்ஃபரின் மருந்து மாதிரி அடிக்கடி ரத்தம் எடுத்துப் பாக்க வேண்டியதில்ல. விலைதான் கூட. ரெண்டையும் டாக்டர கேட்டு ஒரே கேப்சூல்ல போட்டுக் குடுக்குறேன். மாத்திரை குடுத்தாலும் கட்டி வரவே வராதுன்னு இல்ல, திடீர்னு பின்னங்கால இழுத்துக்கிட்டு நடந்து, பாதம் வெளுத்து ஜில்லுன்னு இருந்தா தேய்ச்சு விட்டுக்கிட்டு உக்காராதீங்க, நடு ராத்திரியா இருந்தாலும் ஆட்டோ புடிச்சு டாக்டர்கிட்ட ஓடுங்க.