பர்ஸில் அட்டையா, பூட்டிய போனா, கையில் பட்டையா? தனியாகப் போகிறவர்களுக்கு

தனியாக வெளியூர் போகும்போது நமக்கு ஏதாவது ஆகிவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற விவரத்தை எதில் வைத்துக்கொள்வது? மூன்று வழிகளையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் காகித அட்டைக்கே திரும்பி வந்திருக்கிறேன். அதனால் இதில் நடுநிலை எல்லாம் எதிர்பார்க்காதீர்கள். அட்டைப் பக்கம் சாய்ந்துதான் எழுதப்போகிறேன்.

இத்தனைக்கும் எனக்கு முதலில் காலை வாரியது அட்டைதான். சில வருடங்களுக்கு முன், மொழி தெரியாத ஒரு ஊரில், தங்கியிருந்த விடுதியின் ஈரப் படிக்கட்டில் வழுக்கி விழுந்தேன். தலையில் தையல், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு யார் என்ன கேட்டாலும் கோர்வையாகப் பதில் சொல்ல முடியாத நிலை. கையிலிருந்த போன் திரை நொறுங்கி, தொட்டால் அசையவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு அம்மா என் பர்ஸைத் துழாவி ஒரு பழைய சீட்டை எடுத்திருக்கிறார். நான் எப்போதோ எழுதி வைத்தது. அதில் ‘அக்கா’ என்று தமிழில் எழுதி, பக்கத்தில் 0-வில் தொடங்கும் ஒரு தரைவழி எண். நாட்டுக் குறியீடு இல்லை. அந்தத் தரைவழித் தொடர்பை வீட்டில் துண்டித்தே நாலு வருடம் ஆகியிருந்தது. அந்த அம்மா என்னதான் செய்வார், பாவம்.

ஊர் திரும்பியதும் ‘காகிதத்தை நம்பினால் இப்படித்தான்’ என்று முடிவு கட்டி, போனில் எல்லாவற்றையும் போட்டேன்.

போன் வழிக்கு ஒரு சின்ன வரலாறு இருக்கிறது. 2005-இல் இங்கிலாந்தில் பாப் ப்ராட்ச்சி என்ற ஆம்புலன்ஸ் பணியாளர், அவசரத்தில் கூப்பிட வேண்டியவரின் எண்ணை போனில் ‘ஐஸ்’ என்ற பெயரில் பதிந்து வைக்கச் சொன்னார். ‘அவசரம் ஏற்பட்டால்’ என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. அந்த ஜூலையில் லண்டனில் குண்டுவெடிப்பு நடந்த பிறகு அந்த யோசனை உலகம் முழுக்கப் பரவியது. அப்போது அது நல்ல யோசனைதான், ஏனென்றால் அன்றைய போன்களில் பெரும்பாலும் பூட்டே கிடையாது. பிறகு எல்லோரும் கடவுச்சொல்லும் கைரேகையும் வைத்துக்கொண்டதும், உள்ளே ‘ஐஸ்’ இருந்து யாருக்கு என்ன பயன்? அதற்கு விடையாகத்தான் 2014-இல் ஐஃபோனில் ஐஓஎஸ் 8-உடன் மெடிக்கல் ஐடி வந்தது, 2016-இல் ஆண்ட்ராய்டு 7-இல் அவசரத் தகவல் பக்கம் வந்தது. போனைத் திறக்காமலே, பூட்டுத் திரையிலுள்ள அவசர அழைப்புப் பொத்தானைத் தட்டி உள்ளே போய்ப் பார்க்கலாம்.

நல்ல வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் என் போனைப் பூட்டி மூன்று நண்பர்களிடம் ஒவ்வொருவராகக் கொடுத்து, ‘நான் மயங்கிக் கிடக்கிறேன், என் வீட்டுக்குத் தகவல் சொல்லுங்கள்’ என்றேன். ஒருவர் கண்டுபிடித்தார். ஒருவர் அவசர அழைப்புப் பொத்தான் வரை போய், தட்டினால் நேராகப் போலீசுக்குப் போய்விடுமோ என்று பயந்து நிறுத்திவிட்டார். மூன்றாமவர் என் விரலைப் பிடித்துக் கைரேகை வைக்கப் பார்த்தார் (அதுவும் ஒரு வழிதான்!). இவர்கள் மூவரும் தமிழ் தெரிந்தவர்கள். என் ஆண்ட்ராய்டு போன் முழுக்கத் தமிழில் ஓடுகிறது. வேற்று நாட்டில் ஒரு ஆம்புலன்ஸ்காரருக்கு ‘அவசரம்’ என்ற சொல் என்ன சொல்லும்? அது வெறும் கோலம். அன்று பர்ஸில் செய்த அதே தவறைக் கொஞ்சம் விலை கூடின பொருளில் செய்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

சார்ஜ் தீரும், திரை உடையும், திருடு போகும், கடுங்குளிரில் பேட்டரி பாதியிலேயே படுத்துவிடும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை, நீட்டவில்லை.

அடுத்து கைப்பட்டை. உலோகத் தகட்டில் பெயரும் எண்ணும் பொறித்து மணிக்கட்டில் கட்டிக்கொள்வது. இதன் பின்னணியும் சுவையானது. 1953-இல் கலிஃபோர்னியாவின் டர்லக் ஊரில் ஒரு டாக்டரின் மகளுக்கு டெட்டனஸ் தடுப்பு மருந்து ஒவ்வாமல் போய் உயிருக்கே ஆபத்தாகிவிட்டது. அதற்குப் பிறகு பெற்றோர் அவள் கையில் எச்சரிக்கை எழுதிக் கட்டி அனுப்பத் தொடங்கினார்கள். அதிலிருந்துதான் 1956-இல், இத்தகைய பட்டைகளை வழங்கும் மெடிக்அலர்ட் என்ற அமைப்பு பிறந்தது. அவசரச் சிகிச்சைப் பணியாளர்களுக்கு மணிக்கட்டையும் கழுத்தையும் பார்க்கும் பழக்கம் உண்டு. பர்ஸும் பையும் போனும் ஆளுக்கொரு பக்கம் சிதறினாலும் பட்டை உடம்போடு இருக்கும். இந்த ஒரு விஷயத்தில் அட்டையால் அதை நெருங்கவே முடியாது.

நானும் கிட்டத்தட்ட ஒரு வருடம் கட்டியிருந்தேன். தகட்டில் நாலு வரிதான் பிடித்தது. பெயர், அக்காவின் பெயர், எண், ‘அலர்ஜி இல்லை’. கச்சிதமாக இருந்தது. பிறகு அக்கா எண்ணை மாற்றினாள். இப்போது புதுத் தகடு செய்ய வேண்டும், செய்து வரும்வரை கையில் ஒரு பொய்யைக் கட்டிக்கொண்டு திரிய வேண்டும். கழற்றி வைத்தேன், அது இன்னும் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது.

நான் சொல்ல வந்ததே இதுதான். எதில் எழுதுகிறோம் என்பதை விட, எழுதியது இன்றைக்கும் சரியாக இருக்கிறதா என்பதுதான் இந்த மூன்றையும் பிரிக்கிறது. பழைய சீட்டு, போன், பட்டை மூன்றுமே என்னைக் கைவிட்டது இந்த ஒரு இடத்தில்தான்.

போனில் மாற்றுவது சுலபம்தானே, ஒரு நிமிட வேலைதானே என்பீர்கள். சுலபம்தான். ஆனால் அந்தப் பக்கத்தை நாமாகத் திறந்து பார்க்கும் சந்தர்ப்பமே வராது. நான் அடுத்த போனுக்கு மாறி ஏழெட்டு மாதம் கழித்து யதேச்சையாகப் பார்த்தால், அவசரத் தகவல் பக்கம் காலி. பழைய போனிலிருந்து மற்ற எல்லாம் வந்திருந்தது, இது மட்டும் வரவில்லை. இடையில் இரண்டு பயணம் போய் வந்துவிட்டேன், எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்ற தெம்பில்.

அட்டை அப்படி இல்லை. நான் ஒவ்வொரு பயணத்துக்கும் புதிதாக எழுதுகிறேன், திரும்பி வந்ததும் கிழித்துப் போடுகிறேன். லேமினேட் செய்வதில்லை. செய்தால் கிழிக்க மனசு வராது, கிழிக்காவிட்டால் பழசாகும், மறுபடியும் அதே பழைய சீட்டு. எழுத உட்காரும்போது, யார் பெயரைப் போடுகிறேனோ அவருக்கு ஒரு போன் போட்டாக வேண்டும் என்பது நானே போட்டுக்கொண்ட விதி. அந்த ஒரு அழைப்பில் என்னவெல்லாம் வெளியே வருகிறது தெரியுமா? போன தடவை அக்காவிடம் கேட்டேன், தெரியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுப்பாயா என்று. “எதுக்குடா எடுக்கணும், எல்லாம் மோசடிக்காரன். நான்தான் தெரியாத நம்பர் வந்தா சத்தமே வராத மாதிரி வச்சிருக்கேனே” என்றாள். ஐஃபோனில் 2019-இலிருந்து அந்த வசதி இருக்கிறது. நமக்குப் பதிவில் இல்லாத எண் மணி அடிக்காமல் நேராகக் குரலஞ்சலுக்குப் போய்விடும். ஆஸ்பத்திரி எண் யாருடைய பதிவில் இருக்கும்? தங்கத் தகட்டில் பொறித்து வைத்திருந்தாலும் அன்று அக்கா போனை எடுத்திருக்க மாட்டாள். நான் திரும்பி வரும்வரை அந்த வசதியை அணைத்து வைப்பதாக ஒத்துக்கொண்டாள். இரண்டாவது பெயராக, இரவு வேலை பார்க்கும் ஒரு நண்பனையும் சேர்த்தேன். அக்கா தூங்கும் நேரத்தில் அவன் விழித்திருப்பான்.

இன்னொன்று. அட்டையில் போகும் விவரங்களில் பாதி என்னைப் பற்றியதே இல்லை, அந்தப் பயணத்தைப் பற்றியது. இந்த முறை எங்கே தங்குகிறேன், இன்சூரன்ஸ் பாலிசி எண் என்ன, அவர்களின் 24 மணி நேர உதவி எண் என்ன, இப்போது என்ன மாத்திரை போகிறது. இது எப்படியும் தடவைக்குத் தடவை மாறும், பட்டையில் ஏறவும் ஏறாது.

என்ன எழுதுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்பது (தூதரகத்துக்குச் சொல்ல வேண்டி வந்தால் இது போதும்). இரண்டு பேர், என்ன உறவு, என்ன மொழி பேசுவார்கள், எண். எண்ணை + குறியோடு நாட்டுக் குறியீடு சேர்த்துத்தான் எழுத வேண்டும், உள்நாட்டில் முன்னால் போடும் 0 பெரும்பாலும் வரக்கூடாது (இத்தாலியின் தரைவழி எண்கள் மாதிரி விதிவிலக்கும் உண்டு). குறியீட்டையும் சேர்த்து எந்த எண்ணும் 15 இலக்கத்தைத் தாண்டாது. மருந்தை கம்பெனிப் பெயரில் எழுதாமல் மூலப்பெயரில் எழுதுங்கள், அதிலும் வேறுபாடு வரும், நாம் பாராசிட்டமால் என்பது அமெரிக்காவில் அசிட்டமினோஃபென். ரத்த வகையை விரும்பினால் எழுதலாம். ஆனால் அட்டையைப் பார்த்து யாரும் ரத்தம் ஏற்ற மாட்டார்கள், பொதுவாகச் சோதித்துவிட்டுத்தான் ஏற்றுவார்கள். அப்புறம், எழுதிய தேதி. இதை விட்டுவிடாதீர்கள். அதைப் பார்த்துத்தான் எடுப்பவருக்கு நம்பிக்கை வரும்.

பால்பாயிண்ட் பேனா அல்லது பென்சில். பல ஜெல் பேனாக்களின் மையும் மைப்பேனா மையும் தண்ணீர் பட்டால் கரைந்து ஓடிவிடும்.

வீட்டு முகவரி மட்டும் எழுதுவதில்லை. பர்ஸ் திருடனிடம் போனால், ஆளில்லாத வீடு எது என்று நாமே சொன்ன மாதிரி ஆகிவிடும். அட்டையின் உண்மையான பலவீனமும் இதே பக்கம்தான். எடுத்தவன் அக்காவைக் கூப்பிட்டு ‘உங்கள் தம்பிக்கு விபத்து, உடனே பணம் அனுப்புங்கள்’ என்று சொல்லலாம். அதனால் எந்த ஆஸ்பத்திரி என்று பெயரைக் கேட்டு வாங்கி, அதன் எண்ணைத் தானே தேடி எடுத்துத் திருப்பிக் கூப்பிட்ட பிறகுதான் காசைப் பற்றிப் பேச வேண்டும் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பூட்டுத் திரையில் எண்ணைக் காட்டினாலும் இதே ஆபத்துதான், ஆனால் பர்ஸ் சுலபமாகத் தொலைகிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மூன்று பிரதி எழுதுகிறேன். பர்ஸில் அடையாள அட்டைக்குப் பின்னால் ஒன்று, முதுகுப் பையின் மேல் அறையில் ஒன்று, போன் உறைக்கும் போனுக்கும் நடுவில் ஒன்று. கடைசியில் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது. போன் செத்தாலும் அதன் முதுகில் இருப்பது படிக்கக் கிடைக்கும். பல நாட்டுப் பாஸ்போர்ட்டுகளில் பின்பக்கம் அவசரத் தொடர்புக்கென்று இடம் இருக்கும். பென்சிலால் அதையும் நிரப்பலாம், ஆனால் பாஸ்போர்ட் பாதி நேரம் விடுதி அறையில்தான் கிடக்கும்.

இதற்காகப் போனில் உள்ளதை அழித்துவிட்டேனா? இல்லை. நினைவோடு இருந்து நாமே உதவி கேட்கும் நிலையில் போனுக்கு ஈடு கிடையாது. ஐஃபோனில் அவசர அழைப்பு முடிந்ததும், நாம் பதிந்து வைத்தவர்களுக்கு இருக்கும் இடத்தோடு குறுஞ்செய்தி தானாகப் போகும். காகிதம் எந்தக் காலத்திலும் அதைச் செய்யாது. இப்போது அட்டை எழுதும்போதே போனின் அவசரத் தகவல் பக்கத்தையும் ஒரு முறை திறந்து சரிபார்க்கிறேன்.

பட்டை விஷயத்தில் என் பேச்சை ஓரளவுக்கு மேல் எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்குச் சர்க்கரை, வலிப்பு, பென்சிலின் ஒவ்வாமை எதுவும் இல்லை, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவனும் இல்லை. அப்படி உள்ளவர்களுக்கு முதல் சில நிமிடங்களில் தெரிய வேண்டியது அக்காவின் எண் அல்ல, நோயின் பெயர். அது சீக்கிரம் மாறாது, ஆகவே பழசாகும் தொல்லையும் இல்லை. அவர்கள் பட்டையில் நோயையும் அட்டையில் ஆட்களையும் எழுதிக்கொள்வதுதான் சரி என்று படுகிறது. க்யூஆர் கோடு பதித்த பட்டைகளும் வருகின்றன. நண்பர் ஒருவருடையதை ஒரு தடவை மட்டும் சோதித்தேன், இணையம் இருந்த இடத்தில் திறந்தது, இல்லாத இடத்தில் திறக்கவில்லை. அதோடு என் அனுபவம் சரி.

மாதக்கணக்கில் சுற்றுபவர்களுக்கு என் முறை அப்படியே ஒத்துவருமா என்றும் சொல்ல முடியாது. என் பயணங்கள் இரண்டு மூன்று வாரத்தைத் தாண்டியதில்லை. விடுதி மாறும்போதெல்லாம் மாற்றி எழுத வேண்டி வந்தால் எனக்கே அலுத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை பாக்கி இருக்கிறது. அட்டையின் தலைப்பைப் போகிற நாட்டு மொழியிலும் எழுதினால் நல்லது, ஆனால் எழுதியதை அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். போன பயணத்தில் மொழிபெயர்ப்புச் செயலி கொடுத்ததைச் சிவப்புப் பேனாவில் பெரிதாக எழுதி வைத்திருந்தேன். விடுதி வரவேற்பில் இருந்த பையன் படித்துவிட்டுச் சிரித்தான். மூன்று அட்டையிலும் ‘அவசர வழி’ என்று எழுதியிருந்ததாம்.