நுண்வலயத்தில் ஒளி எந்தப் பக்கம் ஓட வேண்டும்? காந்தமா, கெர் விளைவா, ஊசிமுனையா?

சிப்பில் செதுக்கிய ஒரு நுண்வலய ஒத்ததிர்வியில் (குறிப்பிட்ட அதிர்வெண் ஒளியை மட்டும் சுற்றிச் சுற்றி ஓடவிடும் நுண்ணிய வளையத்தில்) ஒளி வலஞ்சுழியாகவும் ஓடும், இடஞ்சுழியாகவும் ஓடும், இரண்டுக்கும் ஒத்ததிர்வு அதிர்வெண் ஒன்றேதான். சுவரில் சில நானோமீட்டர் சொரசொரப்பு இருந்தாலே கொஞ்சம் ஒளி சிதறி எதிர்த்திசைக்குப் போய்விடும், அதே ஒளி ஆயிரக்கணக்கான தடவை சுற்றுவதால் அந்தக் கொஞ்சமும் வளர்ந்துவிடும்.

ஒளியை ஒரு பக்கம் மட்டும் விட்டு எதிர்ப்பக்கம் தடுக்கப் பழைய வழி காந்தம். 2011-இல் எம்ஐடி குழு சிலிக்கன் வலயத்தின் மேல் காந்த கார்னெட் (காந்தத் தன்மையுள்ள ஒருவகைப் படிகப் பொருள்) படலம் வைத்து, காந்தப்புலத்தால் இரு திசைகளின் அதிர்வெண்களையும் பிரித்துக் காட்டியது. லேசர் ஓடினாலும் ஓடாவிட்டாலும், ஒளி பலமாக இருந்தாலும் மெலிந்திருந்தாலும் இது வேலை செய்யும், அந்த நம்பகத்தன்மைக்கு ஈடு கிடையாது. ஆனால் கார்னெட் ஒளியைக் கணிசமாக விழுங்கும், வழக்கமான சிப் ஆலைகளில் அதைச் சேர்ப்பதும் பெரும்பாடு.

எனக்கு அதிகம் பிடித்தது கெர் விளைவு. ஒளி தன் பாதையின் ஒளிவிலகல் எண்ணைத் தானே மாற்றும், எதிரே வரும் ஒளிக்கோ அந்த மாற்றம் இரண்டு மடங்கு! ஒரு பக்கம் பலமான லேசர் ஓடும்போது, திரும்பி வரும் ஒளியின் ஒத்ததிர்வு தள்ளிப்போய்விடுகிறது, எனவே வலயத்தின் வழியாக அந்த ஒளியால் மறுபக்கம் போக முடிவதில்லை. காந்தமும் வேண்டாம், புதுப் பொருளும் வேண்டாம். 2023-இல் ஸ்டான்போர்டு குழு வெறும் சிலிக்கன் நைட்ரைடு வலயத்தில் இப்படி ஐசோலேட்டர் (ஒளியை ஒரு பக்கம் மட்டும் விடும் கருவி) செய்தது. குறை இருக்கிறது, முன்னோக்கிப் போகும் ஒளி பலமாகவும் சீராகவும் இருந்தால்தான் தடுப்பும் நிற்கும், லேசரை அணைத்தால் தடுப்பும் போச்சு. ஆனால் சிப் லேசரைத் திரும்பி வரும் ஒளியிலிருந்து காப்பதுதான் நோக்கம் என்றால், லேசர் எரியும்போது மட்டும் தடுப்பு இருந்தால் போதுமே, அதனால் அந்த வேலைக்கு நான் தயங்காமல் இதைத்தான் எடுப்பேன்.

சரி, ஊசிமுனை? வலயத்தின் ஓரத்தில் நுண்ணிய முனை ஒன்றைக் கொண்டுவந்து, அது சிதறடிக்கும் ஒளியால் ஏற்கெனவே உள்ள பின்சிதறலை (எதிர்த்திசைக்குச் சிதறும் ஒளியை) ரத்து செய்வது. ஜெர்மனியின் எர்லாங்கனில் உள்ள மேக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் இதை 2020-இல் காட்டினார்கள். இரண்டு முனைகளை வைத்தால் லேசரின் ஓட்டத்தையே ஒரு திசைக்குச் சாய்க்கலாம் என்பதும் 2016-லேயே தெரிந்துவிட்டது. இதை ஐசோலேட்டரோடு குழப்பிக்கொள்ளக் கூடாது, வெளியிலிருந்து திரும்பி வரும் ஒளியை இது தடுக்காது. பின்சிதறல் சுழற்சி அளவீட்டையே கெடுக்கும் ஒளி கைரோஸ்கோப்புக்கு (ஒளியைக் கொண்டு சுழற்சியை அளக்கும் கருவிக்கு) இது அருமை. முனையை நானோமீட்டர் துல்லியத்தில் நிறுத்திவைக்க வேண்டியிருப்பதால், இப்போதைக்கு ஆய்வக மேசைக்கு வெளியே கொண்டுபோவதுதான் கஷ்டம்.